அண்ணன் வயிற்றில் குடியிருந்தவர்கள்

என் அண்ணன் அப்பாண்டைராஜனைப் பற்றி செஞ்சி கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் தண்ணீர் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எடையில் ஏமாற்றமாட்டார், அதிகம் பேசமாட்டார் என்று சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் கிணற்றடியில் அவர் நின்ற நிலையை ஒருதரம் பார்த்துவிட்டவர்களுக்கு வேறெதுவும் ஞாபகத்தில் தங்காது.

எங்கள் சமண நயினார் குடும்பங்களில் வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்கமாட்டோம். துணியில் தங்குகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அலசி, எடுத்த கிணற்றிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். வேறு இடத்தில் விட்டால் அவை பிழைக்காது. எங்கள் ஊரான மேல்சித்தாமூரில் நாங்கள் எல்லோரும் இதைச் செய்கிறவர்கள்தான். துணியை அலசினோமா, கிணற்றில் ஊற்றினோமா, அடுத்த வேலையைப் பார்த்தோமா என்று போய்விடுவோம். அண்ணன் அப்படியல்ல. அலசிய நீரைச் சின்னச் சொம்பில் எடுத்து, அதன் கழுத்தில் ஒரு கயிறும் அடியில் ஒரு கயிறும் கட்டி, நீர்மட்டம் வரைக்கும் இறக்கி, அங்கே வைத்து மெல்லச் சாய்ப்பார். மேலிருந்து ஊற்றினால் அதுகளுக்கு அடிபடுமாம். சாய்த்த பிறகும் நகரமாட்டார். உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அப்போது கூப்பிட்டால் காதில் விழாது. அடிபட்டதென்று அதுகள் உன்னிடம் வந்து பிராது கொடுத்தனவா என்று நான் வம்புக்கிழுப்பேன். ஒரு சிரிப்புகூட வராது அவருக்கு.

அண்ணி காலமான பிறகு அவரே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு செஞ்சியில் தனியாக இருந்தார். ஒரே மகள் ஜினமதியை வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம் அவள் தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்தாள். பெண் துணை வேண்டுமே என்று நான் மேல்சித்தாமூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினேன். வந்தவளை அடுப்பங்கரைக்குள் விட்டால்தானே! நான் தண்ணீரை ஒருதரம் வடிகட்டுவேனாம், அவர் இரண்டுதரம் வடிகட்டுவாராம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அவர் கைச்சோறுதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே திரும்பிப் போயிருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் இருந்தேன்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. தாயும் எழுந்து நடமாடத் தொடங்கிய சமயத்தில் அவளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முதலில் சீதம், பிறகு ரத்தம். மாதுளம்பழத் தோலைக் காய்ச்சிக் கொடுத்தேன். அண்ணன் ஆக்கித் தந்த மோரையும் கஞ்சியையும் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. ஆள் பாயோடு பாயாக ஒட்டிப்போனாள். பால் வற்றிவிட்டது. குழந்தை காய்ந்த மார்பைச் சப்பிவிட்டு வீறிடும். பசும்பாலைச் சங்கில் புகட்டினோம்.

அப்போது செஞ்சியில் சுந்தரமூர்த்தி என்ற டாக்டர் புதிதாக வைத்தியசாலை திறந்திருந்தார். யுத்தத்தில் பர்மா எல்லை வரைக்கும் போய்வந்தவர். அவரிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. சனங்கள் அதைப் பூதக்கண்ணாடி என்பார்கள். வண்டி கட்டி ஜினமதியை அங்கே கொண்டுபோனோம். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது அமீபா என்கிற பூச்சி செய்கிற வேலை என்றார். பூச்சி என்று சொல்வதும் தப்பாம், அதைவிடச் சின்ன உயிராம். சோதித்ததோடு நிற்காமல் அந்தப் பெண்ணையும் எழுப்பி உட்காரவைத்து, பார் என்று காட்டினார். பட்டாளத்துக்காரர்களிடம் பழகியவர், பிள்ளை பெற்ற உடம்பு பயப்படும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா, அதெல்லாம் உன் ரத்தம், அது தின்று வைத்திருக்கிறது என்று விளக்கமும் சொன்னார். ஜினமதி பார்த்தாள். திரும்பி வரும்போது வண்டியில் என் கையைப் பிடித்திருந்தவள் வீடு வந்த பிறகும் விடவில்லை.

எமட்டின் ஊசி போட்டார். ரத்தம் நின்றது. தீபாவளிக்கு எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டாள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. இந்தமுறை டாக்டர் முகம் இருண்டது. இந்த வீட்டிலேயே யாரோ இவளுக்கு இந்தப் பூச்சியைத் திரும்பத் திரும்ப ஊட்டுகிறார்கள் என்றார். யார் என்று தெரியவேண்டுமென்று எனக்கும் அண்ணனுக்கும் பேதி உப்பு கொடுத்து, வெளியே போனதைச் சூடு ஆறுவதற்குள் கண்ணாடியில் பார்த்தார். என்னிடம் ஒன்றும் இல்லை. அண்ணனிடம் இருந்தது.

நாளெல்லாம் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அண்ணனுக்கு. ஒரு வயிற்றுவலி என்று படுத்து நான் பார்த்ததில்லை. டாக்டர் அவரைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அண்ணன் குனிந்தார். கிணற்றுக்குள் குனிவது போலவேதான் குனிந்தார். அதற்கப்புறம் நிமிரவே இல்லை. வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் காத்திருந்தார்கள். நான் தோளைத் தொட்ட பிறகுதான் விலகினார்.

நானும் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளிச்சத்தில் ஒரு கஞ்சித்துளி கிடந்தது. கண் இல்லை, வாய் இல்லை, தலை எது கால் எது என்று இல்லை. சும்மா கிடந்தது திடீரென்று ஒரு பக்கமாகப் புடைத்தது. புடைத்த இடத்துக்குள் அதன் உடம்பு முழுவதும் வழிந்துபோய்ச் சேர்ந்தது. அப்புறம் இன்னொரு புடைப்பு. கண் இல்லாமலே அது எங்கேயோ போகவேண்டுமென்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னும் சில.

டாக்டர் எங்களுக்குப் புரியும்படிதான் சொன்னார். இதில் இரண்டு தினுசு உண்டாம். ஒன்று சாது, குடலில் கிடைத்ததைத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் கிடக்கும். இன்னொன்று கெட்டது, குடலையே அரித்து ரத்தம் குடிக்கும். அந்தக் கெட்டதும் சில பேர் வயிற்றில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்குமாம். அவர்கள் கல்லுக்குண்டாக நடமாடுவார்கள். ஓடு கட்டிக்கொண்டு வெளியே வருகிற அதன் குஞ்சுகள் அவர்கள் கைவழியாகச் சோற்றில் போய், சாப்பிடுகிறவர்களைக் கொல்லும். அண்ணனுடையது அதுதான் என்று டாக்டர் தீர்மானித்துவிட்டார். வாசலில் கூட்டம், அவருக்கு அவசரம்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "இதுங்க வேற எங்க பொழைக்கும்?"

"எங்கேயும் பிழைக்காது. மனுஷன் குடல்தான் அதுக்கு வீடு. நீங்க பார்த்தது வெளியே வந்தா கொஞ்ச நேரத்துல செத்துப்போகும்."

"ஊசி போட்டா?"

"எல்லாம் ஒழிஞ்சிடும், நயினாரே. ஒண்ணு மிஞ்சாது."

நல்ல சேதி சொல்கிற குரலில்தான் டாக்டர் சொன்னார். அண்ணன் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஆடித்தீர்த்துவிட்டேன். கோயில் காரியம் பார்க்கிறவர்களே காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுகிறார்கள், பெற்ற மகளைவிட உனக்கு அந்தக் கஞ்சித்துளி பெரிதாகிவிட்டதா, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னார்.

"கிணத்துல எடுத்ததைக் கிணத்துல விட்டேன். இதை எங்க கொண்டுபோய் விடறது, நீயே சொல்லு."

அன்றே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போய்விட்டார். அடுப்பங்கரை என் கைக்கு வந்தது. இனி அவர் கைபட்டது எதுவும் ஜினமதி வாயிலோ குழந்தை வாயிலோ போகாது என்று அவரே விரதம்போலச் சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் ஜினமதிக்கு இரண்டாம் தடவை ஊசியோடு வேறு மாத்திரைகளும் சேர்த்துக் கொடுத்தார். அவள் மெல்லத் தேறினாள். என் கைச்சோற்றால்தான் தேறினாள் என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சந்தோஷப்படக்கூட மனசு வரவில்லை.

இதில் அண்ணன் இழந்தது என்னவென்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் குழந்தைக்கு முதல்சோறு ஊட்டுகிறவர் தாயைப் பெற்ற அப்பன். குழந்தை பிறந்த உடனேயே அவர் தன் கையால் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தைத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார். ஜினமதிக்கு முதல்சோறு ஊட்டியது எங்கள் அண்ணியின் அப்பா. அந்த வரிசை இப்போது இவருடையது. வயிற்றில் அதுகள் இருக்கும்வரை அவர் அந்தக் கிண்ணத்தைத் தொடமுடியாது.

நான் கடைக்குச் சோறு கொண்டுபோவேன். சதுர்த்தசியன்று அவர் ஆயுசில் சாப்பிட்டதில்லை. அண்ணி செத்த வருஷம்கூட நோன்பை விடவில்லை. அன்றைக்குச் சதுர்த்தசி, சோறு வேண்டாம் என்று சொல்வார், எதற்கும் பார்த்துவிட்டு வரலாம் என்று உச்சிவேளையில் போனேன். பின்னறையில் பாத்திரங்கள் அடுக்கின இருட்டில் உட்கார்ந்திருந்தார். சோறு எங்கே என்று கேட்டார். இன்றைக்கு நோன்பல்லவா என்றேன்.

"நான் பட்டினி கிடந்தா அதுங்களும் பட்டினி கிடக்கும். அதுங்க நோன்பு எடுத்துக்கலியே."

திரும்ப வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டுவந்து போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்றார். இரண்டு கவளம் தின்பார், நிறுத்துவார், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். பந்தியில் பரிமாறுகிறவன் எல்லோரும் தின்று முடிக்கட்டுமென்று நிற்பானே, அப்படிக் காத்திருந்தார். அப்புறம் அடுத்த கவளம். முடித்ததும் இலையை மடித்தார். "நாங்க சாப்டாச்சு," என்றார். நாங்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு மிளகாயை நிறுத்தச் சொன்னார். குப்புறப் படுப்பதில்லை. பாரம் தூக்குவதில்லை, ஆள் வைத்து அண்டாக்களை இறக்கினார். விலை கேட்கிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுவார், தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல. கடையில் சத்தமே இருக்காது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். இவ்வளவுக்கும் அவர் இளைக்கவில்லை. முகமெல்லாம் பூசினாற்போல மெருகு ஏறியிருந்தது. மகள் எலும்பும் தோலுமாகத் தேறிக்கொண்டிருந்தாள், அப்பன் வேளை தவறாமல் தின்று மினுமினுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு மீனம்பாள் வந்து காதோடு சொன்னாள். அந்தக் காலத்து முற்றுகையில் பட்டினியால் செத்தவர்கள் செஞ்சி மலைக்கோட்டையில் இன்னும் பசியோடு இருக்கிறார்களாம், அதில் ஒரு கூட்டம் இறங்கிவந்து அண்ணன் வயிற்றில் உட்கார்ந்துகொண்டதாம், அதனால்தான் அவர் நோன்பை விட்டாராம். போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று விரட்டினேன். விரட்டிவிட்டுத் திரும்பினால் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை வெயிலில் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. பேயாக இருந்தால்கூடத் தேவலாம், வேப்பிலை அடித்து ஓட்டலாம் என்று நினைத்தேன். நான் கண்ணாடியில் பார்த்தது பேய் இல்லையே. அது உண்மையாகவே உள்ளே இருந்தது.

மாசி பிறந்தது. குழந்தை கவிழ்ந்து, தவழ்ந்து, எதைக் கண்டாலும் வாயைத் திறந்தது. ஒருநாள் ஜினமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். அவர் பின்னறைக்குப் போன பிறகு அவள் அப்பன் எதிரே வந்து நின்றது அதுதான் முதல்தடவை. குழந்தை அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நைனா, வர மாசம் இவளுக்குச் சோறூட்டணும். நீங்கதான் ஊட்டணும். ஊசி போட்டுக்கங்க," என்றாள் ஜினமதி.

அவர் வயிற்றைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். உள்ளே யாரிடமோ கேட்டு முடிவு சொல்லப்போகிறவர் மாதிரி இருந்தது. கடைசியில், "சரிம்மா," என்றார்.

ஊசி அவரைப் படுத்திய பாடு சொல்லிமுடியாது. எமட்டின் இருதயத்தைப் பிடிக்கும் என்று டாக்டர் படுக்கவைத்தே போட்டார். மாட்டு வண்டியில் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினால் வாசல்படி ஏற மூச்சு வாங்கும். அப்படியும் நேராகக் கடைக் கொல்லைக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். ஒவ்வொரு ஊசிக்கும் அப்படித்தான். காய்ச்சல் வந்துவிடும் என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். சாவு விழுந்தால் தலைமுழுகாமல் எப்படி என்றார். யாருடைய சாவு என்று அவர் சொல்லவும் வேண்டியதில்லை. மினுமினுப்பெல்லாம் போய்விட்டது. சதை வற்றி, கண் உள்ளே போய், ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். "இப்ப உள்ள சத்தமே இல்ல," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதற்குமுன் சத்தம் இருந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று முழுவதும் நான் அவர் பக்கத்தில் போகவில்லை.

ஊசிகள் முடிந்து, சற்று இடைவெளி விட்டு, டாக்டர் மறுபடி சோதித்தார். கண்ணாடியைத் துடைத்தார், பார்த்தார். அயோடின் சொட்டை விட்டு மறுபடி பார்த்தார். வாசலில் கூட்டம் இருந்தும் இந்தமுறை அவர் அவசரப்படவில்லை.

"நயினாரே, ஒண்ணும் சாகலை. எல்லாம் அப்படியே இருக்கு," என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். கெட்டது கட்டுகிற ஓட்டுக்குள் கரு என்கிற புள்ளி நான்குக்கு மேல் இருக்காதாம். அண்ணனுடையதில் எட்டு இருந்தது. எட்டு இருந்தால் அது சாது. இந்த ஊசிக்கு அது லேசில் மசியாதாம். அன்றைக்கே ஓட்டைப் பார்த்திருக்கவேண்டும், நடமாடுகிறதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிட்டேன், இரண்டும் அசைவதைப் பார்த்தால் ஏமாந்துபோவது சுலபம் என்றார். அப்படியானால் ஜினமதிக்கு மறுபடி வந்தது யாரால் என்று கேட்டேன். யாராலும் இல்லையாம். முதல் ஊசியில் அவளுடையதே முழுதும் சாகாமல் குடலில் பதுங்கி இருந்திருக்கும், அப்படித் திரும்புவது உண்டு என்றார். அண்ணன் கையால் அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. இனி தாராளமாகக் குழந்தைக்கு ஊட்டலாம் என்றும் சொன்னார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! படித்தவர், பட்டாளத்தில் இருந்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. ஒரு மனுஷனை வீட்டைவிட்டுத் துரத்தி, இருதயத்தைக் கெடுத்து, பேரப்பிள்ளையைத் தொடவிடாமல் செய்துவிட்டு, இப்போது புள்ளி எண்ணிச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் என் கையைப் பிடித்து அடக்கினார்.

"எல்லாரும் இருக்காங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"இருக்காங்க."

அண்ணன் அழுதுவிட்டார். அண்ணியை எடுத்தபோது அழாத மனுஷன், வைத்தியசாலைப் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித்தேம்பி அழுதார். சாகவில்லை என்கிற சந்தோஷமா என்று கேட்டேன். "சாகல. ஆனா நான் சரின்னு சொல்லிட்டேனே," என்றார். அவர் கணக்கில், மனசால் சம்மதித்தபோதே கொலை நடந்து முடிந்துவிட்டது. குழந்தைக்காக அதையும் சுமந்துகொண்டார்.

பங்குனியில் நல்லநாள் பார்த்தோம். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். அதற்கு முன்பே ஜினமதியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முதல்சோறு அன்று காலையில் அண்ணன் நகங்களைச் சதை தெரிய வெட்டிக்கொண்டார். சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வரைக்கும் சிவந்துபோயிற்று. கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். வெண்கலக் கிண்ணத்தில் குழைந்த சோறும் பருப்பும் இருந்தன. ஜினமதி எதிரே உட்கார்ந்து குழந்தையை மடியில் நிறுத்தினாள். கிண்ணத்தைக் கண்டதும் குழந்தை வாயைத் திறந்தது. அண்ணன் கொஞ்சம் சோற்றை விரல்நுனியில் எடுத்து மசித்தார்.

"நைனா," என்றாள் ஜினமதி. "அதுங்க இன்னும் உள்ள இருக்குதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது.

"இருக்குதும்மா. சாதுதான். ஒண்ணும் பண்ணாது. டாக்டரே சொல்லிட்டாரு."

அவள் கண்ணில் நீர் திரண்டது. "எனக்குள்ள இருந்ததும் பார்க்க இப்படித்தான் இருந்துச்சு நைனா," என்றாள். குழந்தையை அப்படியே என் பக்கம் திருப்பினாள். "அத்தை, நீங்க ஊட்டுங்க."

அவளைப் பளாரென்று அறையலாம் போல இருந்தது எனக்கு. வளையல் நிற்காத அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அண்ணன் விரலில் இருந்த சோற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தைத் தொடாமல், அது இருந்த பலகையை என் பக்கம் தள்ளினார்.

"நெய் பத்தல. இன்னும் கொஞ்சம் விட்டு, நல்லா மசிச்சு ஊட்டு," என்றார்.